ஊட்டலா, வாந்தியா? வளர்ப்புக் கிளிகளின் எதுக்களிப்பும் நோயும்

விழுங்கிய இரையை மீண்டும் அலகுக்குக் கொண்டுவரும் செயல், கிளியினத்துப் பறவைகளில் நேர்மாறான இரு நிலைகளில் நிகழ்கிறது. நலமாகவும் துணைவேட்கையுடனும் இருக்கும் பறவை, தான் விரும்பும் உயிருக்கு ஊட்டுவதற்காக இரையை வேண்டுமென்றே மேலே கொணர்கிறது. நோயுற்ற பறவையோ உண்டதை உள்ளே இருத்திக்கொள்ள இயலாமல் வெளியே தள்ளுகிறது. முன்னதை எதுக்களிப்பு என்றும் பின்னதை வாந்தி என்றும் இக்கட்டுரை குறிக்கும். கூண்டின் அடித்தட்டில் கிடக்கும் ஈரத் தினையை மட்டும் காண்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றுவதால், நலமாயுள்ள பறவைக்குத் தேவையற்ற மருந்து புகட்டப்படுவதும், நோயுற்ற பறவையின் வாந்தி ‘கண்ணாடியைக் கொஞ்சுகிறது’ என்ற எண்ணத்தில் கவனிக்கப்படாமல் போவதும் வழக்கமாக உள்ளன. இவற்றுள் இரண்டாவது பிழையே கொடியது. 30 அல்லது 40 கிராம் எடையுள்ள உடலில் சேமிப்பு மிகக் குறைவு. உணவு தங்காத நிலையில் அத்தகைய பறவை இரண்டொரு நாளிலேயே மீட்க முடியாத அளவுக்குத் தளர்ந்துவிடக்கூடும்.

தமிழ்நாட்டு வீடுகளில் மிகுதியாகக் காணப்படுவது, கடைகளில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்ற பெயரில் விற்கப்படும் பட்ஜெரிகர் ஆகும். ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நிலத்தைத் தாயகமாகக் கொண்ட இச்சிறு கிளி, ஜான் கூல்ட் என்னும் பறவையியலாளர் 1840இல் அதனை உயிருடன் இங்கிலாந்துக்குக் கொண்டு சென்ற பின்னர் உலகெங்கும் கூண்டுப் பறவையாயிற்று. அதே நாட்டைச் சேர்ந்த கொண்டையுள்ள காக்கடீல், இங்கே ‘ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ்’ எனப்படும் இனங்கள், சாம்பல்நிற ஆப்பிரிக்கக் கிளி, தென் அமெரிக்காவின் கோனூர், மக்காவ் ஆகியவற்றுக்கும் இக்கட்டுரை கூறுபவை பெரும்பாலும் பொருந்தும். நம் மரப்பொந்துகளில் வாழும் பச்சைக்கிளியும் இதே முறையில்தான் குஞ்சுகளுக்கு ஊட்டுகிறது. எனினும் அதைப் பிடிப்பதும் கூண்டில் வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டின் வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாதலால், அதனை வளர்ப்புப் பறவைகளோடு சேர்த்து எண்ணுதல் ஆகாது.

இரு செயல்களும் உடலின் வெவ்வேறு இடங்களிலிருந்து தொடங்குகின்றன என்பதை அறிந்தால் வேறுபாடு தெளிவாகும். கிளிக்குப் பல் இல்லை. அது அலகாலும் நாவாலும் விதையின் உமியை நீக்கி உள்ளிருக்கும் பருப்பை அப்படியே விழுங்குகிறது. உணவுக்குழாய் மார்புக்கூட்டினுள் நுழைவதற்கு முன் கழுத்தின் அடியில் விரிந்து ஒரு பையாக அமைந்துள்ளது; இதுவே தீனிப்பை. இங்கு இரை பெரிதாகச் செரிப்பதில்லை. ஈரத்தில் ஊறி மென்மையாகி, சிறிது சிறிதாகக் கீழிறங்குவதற்குக் காத்திருக்கிறது. அடுத்துள்ள முன்னிரைப்பையில் அமிலமும் செரிமான நொதிகளும் சுரக்க, அதனைத் தொடரும் அரைவைப்பை தன் தடித்த தசைச் சுவர்களால் இரையை அரைத்துக் குடலுக்கு அனுப்புகிறது. எதுக்களிப்பு தீனிப்பையின் அளவிலேயே நின்றுவிடுவதால், வெளிவரும் விதைகள் உமி நீங்கியவையாகவும் பெரும்பாலும் முழுமையாகவும் தெளிந்த வழவழப்பான நீர் பூசியவையாகவும் இருக்கும். அவற்றில் துர்நாற்றம் இராது. முன்னிரைப்பையிலிருந்தோ அதற்கும் கீழிருந்தோ வரும் வாந்தி, கூழாகவும் புளித்த நாற்றமுடையதாகவும், சில வேளைகளில் பச்சை கலந்தும் காணப்படும். ஆயினும் வெளிவந்த பொருளை மட்டும் வைத்து முடிவு செய்தல் கூடாது. தீனிப்பையே நோயுற்றிருந்தால், நோயின் விளைவாக வெளிவருவதும் செரிக்காத இரையாகவே இருக்கும்.

எனவே பார்க்க வேண்டியது, வெளிவந்த இரையைக் காட்டிலும் அதை வெளிக்கொணர்ந்த பறவையையே ஆகும். காட்டில் இச்செயலுக்கு இன்றியமையாத பயன் ஒன்று உண்டு. பட்ஜெரிகரின் பெட்டை பொந்தினுள் ஏறத்தாழ 18 நாள் அடைகாக்கும்போது பெரும்பாலும் வெளியே வருவதில்லை. ஆண் பறவை வெளியில் இரை தேடித் தீனிப்பையை நிரப்பிக்கொண்டு வந்து, பொந்தின் வாயிலில் பெட்டையின் அலகினுள் அதைப் பெய்கிறது. குஞ்சுகள் பொரிந்த பின்னர் பெட்டை அதே இரையைத் தன் தீனிப்பையிலிருந்து அவற்றுக்கு ஊட்டுகிறது. ஆணிடமிருந்து இரை வருமா என்பதில்தான் குஞ்சுகள் பிழைப்பது தங்கியுள்ளது. இணை சேருவதற்கு முன்பே ஆண் பறவை ஊட்டிக் காட்டுவதற்குக் காரணமும் அதுவேயாகும்.

கூண்டில் துணையின்றி வளரும் கிளி, இந்த இயல்பூக்கத்தைக் கிடைத்த பொருளின்மீது செலுத்துகிறது. கண்ணாடியில் தெரியும் உருவம், மணி, நெகிழி பொம்மை, வளர்ப்பவரின் விரல் நுனி, காதுமடல் ஆகிய எதுவும் அதற்குத் துணையாகிவிடும். குஞ்சுப் பருவத்திலிருந்து மனிதர் கையால் ஊட்டி வளர்க்கப்பட்ட கிளிகளிடம் இது மிகுதி. அவை மனிதரையே தம் இனமாகக் கொண்டு வளர்ந்தவை. பறவைகளின் இத்தகைய பற்றுதலை ஆராய்ந்து 1973இல் நோபல் பரிசு பெற்றவர்களுள் ஒருவரான கான்ராட் லோரன்ஸ், தாம் வளர்த்த காக்கையினப் பறவையான ஜாக்டா ஒன்று புழுக்களைக் கூழாக்கித் தம் வாயில் ஊட்ட முயன்றதையும், வாயை மூடிக்கொண்டபோது காதினுள் திணித்ததையும் பதிவு செய்துள்ளார். ஊட்டுகின்ற பறவைக்கு அது மெய்யான கடமையாகும். அருவருப்போடு கையை உதறுவதோ அதட்டுவதோ அதற்குப் புரியாத தண்டனை.

நலமான எதுக்களிப்பு முழுவதும் பறவையின் கட்டுப்பாட்டில் நடைபெறுகிறது. ஊட்ட விரும்பும் கிளி தன் இலக்கை நோக்கி நின்று, கழுத்தை நீட்டி, தலையை மேலும் கீழுமாகச் சீரான கதியில் அசைக்கிறது. கண்மணி சுருங்கியும் விரிந்தும் மாறுகிறது. இறகுகள் சற்றே சிலிர்த்திருக்க, மெல்லிய குரல் எழுவதும் உண்டு. பின்னர் இரை அலகு வரை வந்து, குறித்த இடத்தில் கவனமாக வைக்கப்படுகிறது. வைத்ததைச் சில பறவைகள் தாமே மீண்டும் எடுத்து உண்கின்றன. முடிந்ததும் கிளி வழக்கம்போல் பாடும், கோதும், உண்ணும், பறக்கும். முகத்து இறகுகளில் பிசின் போன்ற படிவு எதுவும் இராது.

வாந்தியில் இலக்கு இல்லை. கிளி தலையைப் பக்கவாட்டில் விரைந்து உதறுகிறது; வெளிவந்த பொருள் கூண்டுக் கம்பிகளிலும் சுவரிலும் தெறித்து ஒட்டுகிறது; உச்சித் தலையிலும் கன்னத்திலும் உள்ள இறகுகள் ஈரத்தில் நனைந்து, காய்ந்தபின் விறைத்து ஒட்டிக்கொள்கின்றன. பட்ஜெரிகர் வளர்ப்போர் காலையில் காண நேரும் இந்தப் பிசுபிசுத்த தலை, மற்ற அறிகுறிகள் தெரியுமுன்னரே பலமுறை வெளிப்படுவதாகும். கண்ணாடியைக் கொஞ்சும் பறவைக்கு அது பெரும்பாலும் நேர்வதில்லை. வாந்திக்குப் பின் பறவை இறகுகளை உப்ப வைத்து, கண் பாதி மூடி, கிளையின் ஒரே இடத்தில் அமர்ந்திருக்கும். தட்டில் விதையை உடைத்து உமியைக் குவித்தாலும் விழுங்காமல் போவதுண்டு; உமிக் குவியலைக் கண்டு ‘நன்றாகத்தான் தின்கிறது’ என்று நம்புவோர் ஏமாந்துபோவது இங்கேதான். வேட்டைக்கு இரையாகும் விலங்குகளைப் போலவே கிளியும் தன் நலிவை மறைத்துக்கொள்ளும். வீட்டார் அருகில் வரும்போது நிமிர்ந்து உட்கார்ந்து, அவர்கள் அகன்றதும் தளரும். ஆகவே சற்றுத் தொலைவிலிருந்து, பறவை அறியாமல் பார்த்தல் நலம்.

இவ்விரண்டுக்கும் இடையில் ஐயத்துக்குரிய சில நிலைகளும் உள்ளன. உணவுக்குப் பின் கிளி கழுத்தை வளைத்து நீட்டி, கொட்டாவி விடுவதுபோல் வாயைத் திறந்து மூடுவது, தீனிப்பையில் உள்ள இரையை ஒழுங்குபடுத்திக்கொள்ளும் செயலாதலால், எதுவும் வெளிவராத வரை அஞ்ச வேண்டியதில்லை. கையால் ஊட்டப்படும் குஞ்சு, வயிறு நிறைந்த பின்னர் சிறிதளவு கக்குவது, பால் குடித்த கைக்குழந்தை கக்குவதை ஒத்தது. கையூட்டலை நிறுத்தும் பருவத்தில் இது கூடுதலாகத் தெரியும். ஆனால் அதே குஞ்சின் தீனிப்பை மறுவேளை ஊட்டும் நேரத்திலும் காலியாகாமல் தொங்கினால் அது நோயின் அறிகுறி. மகிழுந்துப் பயணத்தில் சில கிளிகள், குறிப்பாகச் சாம்பல்நிற ஆப்பிரிக்கக் கிளிகள், மனிதரைப் போலவே தலைசுற்றி வாந்தி எடுக்கின்றன. பயணம் முடிந்ததும் அது நின்றுவிடும்.

நோய்களுள் முதலில் சொல்லத்தக்கது டிரைக்கோமோனாஸ் என்னும் ஒற்றைச் செல் உயிரியால் வருவது. பட்ஜெரிகரில் வாந்திக்கு இது ஒரு முதன்மையான காரணம். வாயிலும் உணவுக்குழாயிலும் தீனிப்பையிலும் தங்கி அழற்சியை உண்டாக்கும் இவ்வுயிரி, குடிநீர் வழியாக மட்டுமன்றி, இணைப் பறவை ஊட்டுவதன் வழியாகவும் பெற்றோர் குஞ்சுக்கு ஊட்டுவதன் வழியாகவும் பரவுகிறது. இயல்பான, நலமான ஊட்டலே இங்கு நோய் பரவும் பாதையாகிவிடுவதால், ஒரு பறவைக்கு நோய் உறுதியானால் உடன் வாழும் பறவைகளையும் சோதிக்க வேண்டும். தீனிப்பையிலிருந்து எடுத்த நீரை உடனே நுண்ணோக்கியில் பார்த்தால் இவ்வுயிரிகள் நெளிந்து நீந்துவது தெரியும்; ஆறிக் காய்ந்த மாதிரியில் அவை அசைவிழந்துவிடுவதால் கண்டறிதல் கடினம். கூண்டுத் தாளில் உலர்ந்த கறையைக் கத்தரித்து எடுத்துச் செல்வதைக் காட்டிலும் பறவையையே கொண்டு செல்ல வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

அடுத்தது மேக்ரோராப்டஸ் என்னும் ஈஸ்ட் வகைப் பூஞ்சை. முன்னிரைப்பைக்கும் அரைவைப்பைக்கும் இடையிலுள்ள குறுகிய பகுதியில் குடியேறும் இது, கோல் வடிவில் பெரிதாக இருப்பதால் நெடுங்காலம் பாக்டீரியா என்றே கருதப்பட்டு, ‘மெகாபாக்டீரியா’ என அழைக்கப்பட்டது. பூஞ்சையே என்பது 2003இல் வெளியான ஆய்வால் தெளிவாயிற்று. இது வெறும் வகைப்பாட்டுத் திருத்தம் அன்று. பாக்டீரியாவைக் கொல்லும் ஆன்டிபயாட்டிக் மருந்துகள் இதற்குப் பயன்படுவதில்லை. பூஞ்சைக்குரிய மருந்தே வேண்டும். நோயுற்ற பட்ஜெரிகர் தட்டை விட்டு அகலாமல் தின்றுகொண்டே நாளுக்கு நாள் மெலியும். எச்சத்தில் செரிக்காத விதைகள் முழுதாக வெளிவரும். இடையிடையே வாந்தியும் இருக்கும். பசி குன்றாமல் மெலியும் கிளியைக் கண்டால் இந்நோயை முதலில் ஐயுற வேண்டும்.

பெரிய கிளிகளில், எச்சத்தில் முழு விதைகளும் வாந்தியும் மெலிவும் சேர்ந்து தோன்றினால், முன்னிரைப்பை விரிவு நோயும் எண்ணத்தக்கது. 1970களின் இறுதியில் மக்காவ் கிளிகளில் முதலில் விவரிக்கப்பட்ட இந்நோய்க்குப் போர்னா வகை வைரஸ் ஒன்று காரணமென்பது 2008இல் தெரியவந்தது. அது குடலின் தசைகளை இயக்கும் நரம்புகளைத் தாக்குவதால் இரை நகராமல் தேங்கிவிடுகிறது. சில பறவைகள் தள்ளாட்டம், வலிப்பு போன்ற நரம்புக் கோளாறுகளையும் காட்டுகின்றன. கேண்டிடா என்னும் பூஞ்சையோ பெரும்பாலும் குஞ்சுகளையும், நீண்ட நாள் ஆன்டிபயாட்டிக் கொடுக்கப்பட்ட பறவைகளையும் பற்றுகிறது.

விதைத் தீனி மட்டுமே உண்டு வளரும் பட்ஜெரிகர்களுக்கு அயோடின் குறைவால் தைராய்டு சுரப்பி வீங்குவதுண்டு. மனிதரின் கழுத்துக் கழலை வெளியே புடைத்துத் தெரியும். பறவையில் இச்சுரப்பி மார்புக்கூட்டின் நுழைவாயிலுக்குள் அமைந்திருப்பதால் வீக்கம் கண்ணுக்குத் தெரியாது. உள்ளே உணவுக்குழாயும் மூச்சுக்குழாயும் அழுத்தப்பட்டு, இரை கீழிறங்காமல் திரும்பி வருவதோடு மூச்சு விடும்போது கீச்சொலியும் எழும். நோயைக் காட்டிலும் உணவுப் பழக்கமே இங்குக் குற்றவாளி; கீரையும் காய்கறியும் தரமான பறவைத் தீனியும் சேர்த்துக் கொடுத்தால் பெரும்பாலும் தவிர்க்கக்கூடியது.

நச்சுகளையும் மறத்தலாகாது. துத்தநாகம் பூசிய மலிவான கம்பிக்கூண்டைக் கிளி அலகால் சுரண்டிக்கொண்டே இருக்கும். பழைய வண்ணப்பூச்சிலும் பற்றாசிலும் ஈயம் இருக்கலாம். இவ்வுலோகங்கள் வயிற்றில் சேர்ந்தால் திடீர் வாந்தியும் நடுக்கமும் பச்சை நிற எச்சமும் உண்டாகின்றன. சாக்லேட்டும் அவகாடோவும் கிளிக்கு நஞ்சு. கயிற்றுப் பொம்மையின் நூலிழைகளை விழுங்கித் தீனிப்பை அடைத்துக்கொள்வதும் நேர்கிறது.

இவற்றையெல்லாம் வீட்டார் கண்டறிய இயலாது. கண்டறிய முயல வேண்டியதும் இல்லை. அவர்களால் செய்யக்கூடியதும் மருத்துவருக்குப் பெரிதும் உதவுவதும் எடை பார்த்தலே. ஒரு கிராம் வரை காட்டும் சமையலறை எடைக்கருவி போதும். நாள்தோறும் அல்லது வாரம் இருமுறையேனும், காலையில் எச்சமிட்ட பின்னும் தீனி வைப்பதற்கு முன்னும் ஒரே நேரத்தில் எடை பார்த்துக் குறித்து வைக்க வேண்டும். உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைவது கடுமையான எச்சரிக்கை. 35 கிராம் பட்ஜெரிகரில் அது மூன்றரை கிராம்தான், இறகுக்குள் மறைந்திருக்கும் அந்த இழப்பைக் கண்ணால் காண முடியாது. மார்பின் நடுவிலுள்ள எலும்பை விரலால் தடவும்போது இருபுறமும் தசையின்றிக் கத்தி முனை போல் கூர்மையாகத் தட்டுப்பட்டாலும் பறவை மெலிந்துவிட்டது என்றே பொருள். எடை நிலையாக நிற்க, எச்சம் இயல்பாக இருக்க, ஆட்டமும் பாட்டமும் குறையாத கிளி பொம்மைக்கு ஊட்டிக்கொண்டிருந்தால் அது நலமாகவே உள்ளது.

நலமான எதுக்களிப்பும் எல்லை மீறினால் தீங்காகும். நாள் முழுதும் கண்ணாடிக்கே ஊட்டிக்கொண்டிருக்கும் ஆண் பட்ஜெரிகர் உடல் மெலிவதும் தீனிப்பை புண்படுவதும் உண்டு. இதனைத் தண்டித்து நிறுத்த முடியாது. தூண்டும் சூழலை மாற்றுவதே வழி. கண்ணாடியையும் அது பற்றுக்கொண்ட பொம்மையையும் எடுத்துவிட வேண்டும். தலையையும் கழுத்தையும் தடவிக் கொடுப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். முதுகையும் இறக்கையின் அடிப்புறத்தையும் வருடுவதைக் கிளி இணைசேர்தலின் அழைப்பாகவே கொள்கிறது. பெட்டியும் பானையும் இருண்ட மூலையும் கூடு கட்டும் எண்ணத்தை எழுப்புவன. சூடான சோறு போன்ற மென்மையான உணவும் ஊட்டலைத் தூண்டும்.

ஒளியின் பங்கு தனியே கருதத்தக்கது. பல பறவைகளின் இனப்பெருக்க காலத்தைப் பகலின் நீளம் முடிவு செய்கிறது. சென்னையில் ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமே வேறுபாடு. அதற்கும் மேலாக இரவு பதினொரு மணி வரை விளக்கும் தொலைக்காட்சியும் எரியும் கூடத்தில் தொங்கும் கூண்டுக்கு ஆண்டு முழுவதும் நெடும்பகலே. மேலும், பாலைநிலத்துப் பறவையான பட்ஜெரிகர், மழை பெய்து புல்விதை பெருகும் காலம் பார்த்து இனம்பெருக்கும் இயல்புடையது. தட்டில் எந்நேரமும் தீனி நிறைந்திருக்கும் வீடு அதற்கு ஓயாத மழைக்காலமாகும். மாலையில் கூண்டை அமைதியான அறைக்கு மாற்றி, 10 முதல் 12 மணி நேரம் இருளில் உறங்கவிட்டால் சில வாரங்களில் ஊட்டும் வேட்கை தணிவதைக் காணலாம்.

வாந்தி என்று ஐயம் எழுந்தால் பறவையைத் தனிக் கூண்டில், காற்றும் இரைச்சலும் இல்லாத இடத்தில் வைக்க வேண்டும். ஏறத்தாழ 30 பாகை செல்சியஸ் வெப்பம் ஏற்றது. நம் கோடையில் அறையின் வெப்பமே அவ்வளவு இருக்குமாதலால் விளக்கு வைத்துச் சூடேற்றத் தேவையில்லை, குளிர்சாதன அறையிலிருந்து அகற்றினால் போதும். கிளி இறக்கைகளை விரித்து வாய் திறந்து மூச்சு வாங்கினால் வெப்பம் மிகுந்துவிட்டது என்று கொள்ள வேண்டும். வாயில் நீரோ கஞ்சியோ வலிந்து ஊற்றுதல் ஆபத்தானது. மூச்சுக்குழாயின் வாய் நாவின் அடியிலேயே இருப்பதால் அது நுரையீரலுக்குச் சென்றுவிடும். செயலைக் கைப்பேசியில் படம் பிடித்து மருத்துவரிடம் காட்டுவது பெரும் உதவி. எதுக்களிப்பா வாந்தியா என்பதை அவர் பெரும்பாலும் அதிலேயே அறிந்துகொள்வார். கடைக்காரர் கொடுக்கும் மஞ்சள் பொடியைக் குடிநீரில் கலந்து வைத்துப் பார்க்கும் வழக்கம் கைவிடப்பட வேண்டியது. அத்தகைய ஆன்டிபயாட்டிக் பொடி டிரைக்கோமோனாசையும் பூஞ்சைகளையும் தீர்ப்பதில்லை. கேண்டிடாவை வளர்க்கவும் செய்யும். விலைமதிப்பற்ற நாட்களையும் வீணாக்கும்.

வளர்ப்போரின் நலமும் இதில் அடங்கியுள்ளது. கிளிகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் கிளிக்காய்ச்சல், பறவை வணிகத்தின் வழியே 1929, 1930ஆம் ஆண்டுகளில் பல நாடுகளில் பரவியது. ஆகவே கிளியோடு வாயோடு வாய் வைத்துக் கொஞ்சுவதும் அதன் அலகிலிருந்து உணவைப் பகிர்வதும் தவிர்க்கத்தக்கவை. மனித உமிழ்நீரிலுள்ள பாக்டீரியாக்களும் பறவைக்குத் தீங்கானவை.

எல்லாக் கால்நடை மருத்துவர்களும் கூண்டுப் பறவைகளைப் பார்ப்பதில்லை. சென்னை வேப்பேரியில் 1903இல் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை போன்ற இடங்களையும், தம் ஊருக்கு அருகில் பறவைகளுக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவரையும் கிளி நலமாக இருக்கும்போதே அறிந்து வைத்துக்கொள்ள வேண்டும். தலை பிசுபிசுத்து, எடை குறைந்து, இறகை உப்பி அமர்ந்திருக்கும் கிளியை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்திருத்தல் கூடாது; அன்றே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.